லிஃப்டை முந்திய மாமியார்

விடிந்தும் விடியாததுமாக அழைப்பு மணி அடித்தால் பால் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வம்பு வந்திருக்க வேண்டும். பால் ஏற்கெனவே வந்துவிட்டது.

மகள் கொட்டாவியோடு கதவைத் திறந்தாள் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். வாசலில் நின்றவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். லிஃப்டில் ஏற வேண்டிய அவசியமே அவருக்குக் கிடையாது. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பற்றி அவரைவிட அதிகம் கவலைப்பட்டவர் யாரும் இல்லை.

கதைக்குள் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மூன்றாவது மாடியிலுள்ள இந்த வீட்டில் மூன்று பேர். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர்ப் பொது நீச்சல்குளத்தில் பெண்கள் நேரத்துக்கு அவர்தான் உயிர்காப்பாளர். வீட்டில் இருக்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்பதால் ஊருக்கே அவர் 'விசிலம்மா'. மகள், இதயநோய் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளை ட்ரெட்மில்லில் நடக்கவைத்துச் சோதிப்பவள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பராமரிப்பில்தான் இருக்கிறது.

உயிர்காப்பாளர்களுக்கு வருடா வருடம் ஒரு தேர்வு உண்டு. வேகமாக நீந்திப்போய், அடியில் கிடக்கும் ரப்பர் பொம்மையை மூழ்கி எடுத்து, இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். நடுவில் மிதவைக் கயிற்றைத் தொட்டால் தோல்வி. மழைக்காலத்துக் கபக்காய்ச்சல் விசிலம்மாவின் மூச்சைப் பாதி தின்றுவிட்டதால், இந்த வருடம் அவர் பாதி வழியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பாவம் பார்த்து மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை இன்றோடு முடிகிறது. இன்று முற்பகலில் மறுதேர்வு. தேறாவிட்டால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

இனி செயலாளர் பேசட்டும்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"லிஃப்ட் வேலையா போயிருப்பார் சார். என்ன விஷயம்?"

"அதான் விஷயமே! தினம் காலைல லிஃப்ட்ல 'பராமரிப்பு'ன்னு ஒரு போர்டு தொங்குது. அப்படி என்ன பராமரிப்பு? பச்சைக் குழந்தையைக்கூட யாரும் தினம் இவ்வளவு பராமரிக்க மாட்டாங்க. அதோட உங்கம்மா வேற..."

"அம்மாவா? அம்மா பார்க்குல நடக்கப் போறாங்க."

செயலாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பார்க்குக்கா? சரியாப் போச்சு! உங்கம்மா மாடிப்படியில ஓடறாங்கம்மா. தடதடன்னு. என் தலைக்கு மேலதான் அந்தப் படி இருக்கு. மூணு மாசமா எனக்கு அலாரமே தேவைப்படல."

மகளின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. வழக்கமாக அவள் இந்நேரம் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பாள். இன்று அம்மாவோடு குளத்துக்குப் போவதற்காக விடுப்பு எடுத்திருந்தாள். நன்றாகத் தூங்கட்டும் என்று மற்ற இருவரும் பூனைபோல வெளியேறியதும் அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தட், தட், தட், தட் என்று படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம். கூடவே லிஃப்டின் உறுமல்.

மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நரைத்த கொண்டை தெரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே நீளக் கால்சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. முழங்கைகள் இரண்டும் ரயில் எஞ்சின் தண்டுகள் மாதிரி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. விசில் நெஞ்சில் துள்ளிக்கொண்டு வந்தது.

இரண்டாவது மாடி. மூச்சுச் சத்தம் கேட்டது. கடைசித் திருப்பத்தில் ஒரு கணம் தள்ளாடி, கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டி, விசிலம்மா மூன்றாவது மாடியில் கால் வைத்தார். அதே நொடியில் லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே கருவிப்பையோடு மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க அத்..." என்றவர் மனைவியைப் பார்த்தார். மீதி 'தை' தொண்டையிலேயே தங்கிவிட்டது.

கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, அது இதுதான்.

"நான் அப்புறம் வரேன்" என்றார் செயலாளர். ஆனால் போகவில்லை.

விசிலம்மா முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றார். பேச முடியவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கி, கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினார். மகள் ஓடிப்போய் அந்த விரலோடு சேர்த்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தொழில் பழக்கம். அவள் உதடுகள் எண்ணின, கண்கள் கலங்கின.

ஆறு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய அப்பா ஒரு பேருந்தைப் பிடிக்க ஓடினார். பிடித்தும் விட்டார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். கடைசி நிறுத்தம் வந்தும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் மகளுக்கு உலகம் நின்றுவிடும்.

"என்னம்மா இது? நடக்கப் போறேன்னுதானே சொன்னே?"

"நடந்தேன்..." என்றார் அம்மா, மூச்சுக்கு நடுவில். "கொஞ்சம்... வேகமா."

"நீங்களுமா?" என்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மாவை ஓட விட்டுட்டு நீங்க சொகுசா லிஃப்ட்ல வர்றீங்களா?"

மாப்பிள்ளைக்கு வாய் குறைவு. கோபக்காரர்களிடம் இன்னும் குறைவு. பராமரிப்புப் போர்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசியே இல்லை.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் விசிலம்மாவே சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அவருடைய மூச்சு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. மகளும் அதைக் கவனித்தாள். ஆனால் கோபமாக இருந்ததால் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"டாக்டரைக் கேக்காம ஒண்ணும் பண்ணலடி. எல்லாச் சோதனையும் பண்ணி, ட்ரெட்மில்லும் நடந்தாச்சு. சும்மா மணிக்கணக்கா நடக்கறது உங்களுக்குப் பத்தாது, உங்க வேலைக்குக் குறுகின நேரத்துல முழு மூச்சும் வேணும், அதையே பழகுங்கன்னார். கொஞ்ச நேரம் உயிரைக் குடுத்து ஏறணும். அப்புறம் நல்லா ஓய்வு. மறுபடி ஏறணும். நாலஞ்சு தடவை, அவ்வளவுதான். வாரத்துல பாதி நாள் மெதுவா ஏறினாப் போதும். மூச்சு வாங்கணும், ஆனா நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ அந்தப் படியிலேயே உக்காந்துடணும்னு சொன்னார். முதல் வாரம் ஒரே ஒரு மாடிதான் ஏறினேன்."

"எந்த டாக்டர்? எங்க ஆஸ்பத்திரியில உன் பேரே வரலையே?"

அம்மாவும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு டாக்டர்" என்றார் அம்மா.

மகளுக்கு இதுதான் சுருக்கென்று தைத்தது. ஊரார் நெஞ்சுக்கெல்லாம் வயர் ஒட்டும் தன் கை, பெற்ற தாயின் நெஞ்சுக்கு உதவவில்லையா?

"என்னை நம்பாம வேற யார்கிட்டயோ போனியாம்மா?"

"உன்னை நம்பாம இல்ல கண்ணு. உன் முகத்தைப் பாக்க பயந்துக்கிட்டுப் போனேன். நான் நடக்க நடக்க நீ மெஷினையா பாத்திருப்பே? என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பே. உன்னைப் பாத்தே எனக்குப் படபடப்பு ஏறியிருக்கும். அப்புறம் ரிப்போர்ட் எப்படி நல்லா வரும்?"

வாசலில் செயலாளர் சிரித்துவிட்டார். மூவரும் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா ஓடித்தானேம்மா..."

"உங்கப்பா ஓடினதால மட்டும் போகல." விசிலம்மாவின் குரல் இறங்கியது. "அவருக்கு உள்ள ரொம்ப நாளா அடைப்பு இருந்துச்சுன்னு உங்க பெரிய டாக்டரே சொன்னாரே, மறந்துட்டியா? படி ஏறும்போது நடுவுல நிப்பார். செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிவார். வார் நல்லாத்தான் இருக்கும். நானும் அதைப் பாத்துக்கிட்டே முன்னாடி ஏறிப் போயிருக்கேன். முழுகறவங்க கத்த மாட்டாங்கன்னு குளத்துல வர்ற ஒவ்வொரு பொண்ணுக்கும் சொல்றவ நான். கையை ஆட்ட மாட்டாங்க, கூப்பிட மாட்டாங்க, சத்தமில்லாம நிப்பாங்கன்னு சொல்வேன். என் வீட்டுப் படியில ஒரு மனுஷன் சத்தமில்லாம நின்னது எனக்குத் தெரியல."

குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எழுந்துபோய் அதை இறுக்கிவிட்டு வந்தார்.

"சரி, விடு" என்று விசிலம்மா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீ பயப்பட வேண்டாம். நான் தேர்வுக்குப் போகல."

"என்னது?" என்றார் மாப்பிள்ளை. அன்று காலை அவர் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஆமா மாப்ளை. மூணு மாசம் உங்க தூக்கத்தையும் கெடுத்துட்டேன். என்ன பிரயோஜனம்? மூணு மாடி ஏற ஆரம்பிச்ச அன்னிக்கு எப்படி வந்தேன்? லிஃப்ட் கதவு திறக்கவும் நான் வரவும் சரியா இருந்துச்சு. போன மாசம்? அதேதான். இன்னிக்கு? அதே மயிரிழைதான். உயிர் போற மாதிரி ஓடறேன். ஒரு படிகூட முந்தி வரல. உடம்பு இதுக்கு மேல ஏறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த மூச்சை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் உயிரைக் காப்பாத்தறேன்னு உக்காந்திருக்கறது தப்பு. நாளைக்கு ஒரு பொண்ணு முழுகும்போது நான் கயித்தைக் கட்டிக்கிட்டு நின்னா?"

மகளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக அவள் வேண்டிக்கொண்டதே இதைத்தானே. ஆனால் மேஜைமேல் கிடந்த விசிலைப் பார்த்தபோது நிம்மதி வரவில்லை. விசில் இல்லாத அம்மாவின் கழுத்து வேறு யாருடைய கழுத்தோ மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். கருவிப்பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க அதே இடத்துல நிக்கல. லிஃப்ட்தான் வேகமாயிடுச்சு."

"என்ன மாப்ளை?"

"முதல்ல நீங்க ஏறினப்போ லிஃப்ட்டோட வேகத்தை நான் பாதியாக் குறைச்சு வச்சிருந்தேன். நீங்க தோத்துப் போனா மனசு விட்டுப் போயிடும்னு. உங்களுக்கு மூச்சு கூடக் கூட, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்தேன். நீங்க கொஞ்சம் முந்தினா நானும் கொஞ்சம் ஏத்துவேன். போன வாரத்துலேர்ந்து முழு வேகம். இதுக்கு மேல இந்த லிஃப்ட் போகாது அத்தை. இன்னிக்கு நீங்க ஜெயிச்சது முழு லிஃப்டை."

விசிலம்மா மேஜைமேல் கிடந்த விசிலைப் பார்த்தார்.

வாசலிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அப்போ மூணு மாசமா நம்ம லிஃப்ட் நத்தை மாதிரி ஊர்ந்தது..."

"காலைல அரைமணி நேரம்தான் சார். அப்புறம் பழைய வேகத்துக்கு மாத்திடுவேன்."

"ஒரு நாள் மாத்த மறந்துட்டீங்க! ரெண்டாவது மாடிக்காரம்மா லிஃப்ட்லயே ஒரு தூக்கம் போட்டுட்டதா சொன்னாங்க!"

"அது ஒரே ஒரு நாள்" என்று மாப்பிள்ளை தலைகுனிந்தார்.

"ஏன் மாப்ளை எங்கிட்ட சொல்லல?" விசிலம்மாவின் குரல் நடுங்கியது. அது கோபமா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "தினம் தினம் மயிரிழையில ஜெயிச்சு ஜெயிச்சு, நான் எவ்வளவு நொந்துபோனேன் தெரியுமா?"

"ஜெயிச்சா தெம்பா இருக்கும்னு நினைச்சேன் அத்தை. லிஃப்ட்ல ஒரே மாதிரி ஓட்டம்னா அது நல்ல ஓட்டம். மனுஷங்களுக்கு அப்படி இல்லன்னு எனக்குத் தோணல."

தப்புத்தான். ஆனால் இந்த மனிதரால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன் சோதனை அறை ஞாபகம் வந்தது. நடப்பவர் தேறத் தேற, அவள் பொத்தானை அழுத்தி ட்ரெட்மில்லின் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவாள். அவரோ, 'என்னம்மா, நேரம் ஆக ஆக முடியலையே, நான் அவ்வளவு மோசமா?' என்று கேட்பார். 'நீங்க மோசமில்லை சார், நான்தான் ஏத்திட்டேன்' என்று அவள் தினமும் சொல்கிற பதில்தான் இது. கட்டிய கணவனும் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு இதே வேலையைத்தான் செய்திருக்கிறார், பதிலை மட்டும் சொல்லாமல்.

அம்மாவின் மணிக்கட்டை அவள் மறுபடி பிடித்தாள். நிதானமாகத் துடித்தது. படியேறி வந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இவ்வளவு சீக்கிரம் அடங்கும் நாடியை அவள் தன்னைவிடச் சின்னவர்களிடம்தான் பார்த்திருந்தாள்.

"எழுந்திரும்மா" என்றாள். "குளிக்கறதுன்னா சீக்கிரம் குளி. நேரமாச்சு."

"எதுக்கு குளிக்கணும்? குளத்துலதானே இறங்கப் போறேன்" என்றார் விசிலம்மா. போவது என்று முடிவானதும் குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது.

நீச்சல்குளத்தின் கூரை உயரமானது. உள்ளே யார் பேசினாலும் இரண்டு தடவை கேட்கும். குளோரின் வாசனை மூக்கில் ஏறியது. பெண்கள் நேரம் தொடங்குவதற்கு முன் குளம் ஆளில்லாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆழமான கோடியில், அடியில், ரப்பர் பொம்மை தெரிந்தது. அதற்குக் குளத்து ஊழியர்கள் வைத்த பெயர் 'பெரியவர்'. போய் உட்கார்ந்தால் யார் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார் என்பதால்.

மேற்பார்வையாளர் அம்மாள் கையில் கடிகாரத்தோடு நின்றார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. "கயித்தைத் தொட்டா அவ்வளவுதான், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்" என்றார் விசிலம்மா.

ஆண்கள் உள்ளே வரக் கூடாத நேரம் நெருங்கியதால், மாப்பிள்ளை வெளியே வராந்தாவில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றுகொண்டார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவருக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. மனைவியின் முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் தீர்மானித்தார்.

விசிலம்மா குதித்தார்.

முதல் பாதி எளிதாகப் போனது. வெண்ணுரை பின்னால் நேராக நீண்டது. பிறகு போன தடவை கயிற்றைப் பிடித்த அந்த இடம் வந்தது. மகளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அன்றும் அவள் இதே கரையில்தான் நின்றாள். அம்மாவின் கைவீச்சு ஒரு சொட்டு தளர்ந்தது. வலது கை மிதவைக் கயிற்றின் பக்கம் சாய்ந்தது. மகள் தன்னையறியாமல் மூச்சை நிறுத்தினாள்.

அம்மாவின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. வாய் திறந்து காற்றை ஒரு வாய் விழுங்கியது. காலையில் படியின் கடைசித் திருப்பத்தில் கைப்பிடியைத் தட்டிவிட்டு ஏறினாரே, அதே முகம். கை கயிற்றை விட்டு விலகி நேராக நீண்டது.

பிறகு தலை காணாமல் போனது. அடியில் ஒரு நிழல் இறங்கியது. தண்ணீர் பேசாமல் இருந்தது. மகள் எண்ணவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு எண்ண மறந்துவிட்டது.

முதலில் 'பெரியவர்' தலை தெரிந்தது. பக்கத்திலேயே நரைத்த தலை. அம்மா அவரை மார்போடு அணைத்து மல்லாந்து, காலால் தண்ணீரை உதைத்து உதைத்து வந்தார். கரை தட்டியதும் ரப்பர் பெரியவரைத் தூக்கி மேலே போட்டார். 'தொப்' என்று விழுந்த சத்தம் கூரையில் இரண்டு தடவை கேட்டது.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு ரவுண்டு போவீங்க போல இருக்கே" என்றார். "நாளைலேர்ந்து டியூட்டிக்கு வந்துடுங்க. விசில் எங்கே?"

விசிலம்மாவின் கை கழுத்துக்குப் போனது. அது வீட்டில் மேஜைமேல் அல்லவா கிடக்கிறது!

மகள் கைப்பையைத் திறந்து விசிலை எடுத்தாள். ஈரக் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஈரத்தோடு ஈரமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"சட்டை நனையுதுடி."

"நனையட்டும்."

"இந்த உடம்புக்கு நான் நன்றி சொல்லணும்" என்றார் விசிலம்மா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "இந்த வயசுலயும் கேட்டதைக் குடுத்துடுச்சு. நான்தான் கேக்காமலே இருந்திருக்கேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மனைவியின் முதுகு குலுங்குவதை மாப்பிள்ளை பார்த்தார். தோல்விதான் என்று நினைத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். மாமியார் ஈரத் தலையோடு வெளியே வந்து அவர் முன்னால் நின்றார். மாப்பிள்ளையிடம் எப்போதும் நாலடி தள்ளி நின்றே பேசிப் பழகியவர். இன்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளை, பெத்த பிள்ளை இருந்தாக்கூட எனக்காக இப்படித் தினம் எழுந்து வந்திருக்க மாட்டான். நல்லா இருங்க."

மாப்பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "லிஃப்ட் நல்ல லிஃப்ட் அத்தை" என்றார்.

மூவரும் வீடு திரும்பியபோது அந்த நல்ல லிஃப்டில் ஒரு போர்டு தொங்கியது. 'விசாரணை முடியும்வரை இயங்காது. இப்படிக்குச் செயலாளர்.' மின்சாரப் பெட்டிக்குப் பூட்டும் போட்டிருந்தார்.

"விசாரணையாம்!" என்று மகள் சிரித்தாள். "வாங்க, படியிலேயே போலாம். இனிமே நம்ம குடும்பத்துக்குப் படிதான்."

அவளும் அம்மாவும் பேசிக்கொண்டே ஏறினார்கள். மேற்பார்வையாளர் முகம் போன போக்கு, பெரியவர் விழுந்த சத்தம், எல்லாவற்றையும் மறுபடி சொல்லிச் சிரித்தார்கள். ஈரத்துணிப் பையும் கருவிப்பையும் மாப்பிள்ளை தோளில் தொங்கின. முதல் மாடி தாண்டி, இரண்டாவது மாடியும் தாண்டியது.

விசிலம்மா சட்டென்று நின்றார்.

குளத்தில் நூறு தலைகள் இருக்கும். கும்மாளமும் கூச்சலுமாக இருக்கும். அவருடைய கண் எதிலும் நிற்காமல் மேய்ந்துகொண்டே இருக்கும். எங்கோ ஒரு தலை மட்டும் சத்தம் போடாமல் இருந்தால் அங்கே போய் நின்றுவிடும். இப்போதும் அப்படித்தான் நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த மூன்றாவது காலடிச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். கீழே, இரண்டாவது மாடித் திருப்பத்தில், மாப்பிள்ளை சுவரில் இருந்த விளக்கு ஸ்விட்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கை ஸ்விட்சில். மறு கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. நெற்றியில் வேர்வை.

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருந்தது.

"நீங்க போங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை, தலையைத் தூக்காமல். "இது கொஞ்சம் லூசா இருக்கு. பாத்துட்டு வரேன்."

மூன்று மாதம் தினமும் இந்தப் படிகளின் பக்கத்திலேயே ஏறி இறங்கியவர். லிஃப்டுக்குள் நின்றபடி. ஒரு நாள்கூடப் படியில் கால் வைக்கவில்லை. அது ஏன் என்று இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை.

விசிலம்மா ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கினார். மாப்பிள்ளையின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, கையைப் பிடித்து அவரையும் உட்காரவைத்தார். பைகளைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா மாப்ளை?"

"எது அத்தை?"

"ஸ்விட்ச் லூசா இருக்கறது."

மூச்சு அடங்கட்டும் என்று மாப்பிள்ளை காத்திருந்தார். அது எளிதில் அடங்கவில்லை.

"கொஞ்ச மாசமாத்தான்" என்றார் கடைசியில். "வெயிட் தூக்கற வேலை. அலுப்பா இருக்கும்னு நினைச்சேன்."

"நெஞ்சு வலிக்குதா?"

"வலி இல்ல. கொஞ்சம் இறுக்கமா இருக்கும். நின்னா போயிடும். அவகிட்ட சொல்லாதீங்க. மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பா."

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மகள் இறங்கி வந்து அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அவருடைய மணிக்கட்டில் விரல்களை வைத்தாள். "இப்பவே கிளம்பறோம். எங்க ஆஸ்பத்திரிக்கு. ஊர்க்கோடி டாக்டர் எல்லாம் கிடையாது. நான்தான் வயர் ஒட்டுவேன்."

"இன்னிக்கு நல்ல நாள், கெடுக்க வேண்டாமே..."

"இன்னிக்கு நல்ல நாள்தான் மாப்ளை" என்றார் விசிலம்மா. "ஒரு தடவை தெரியாம மேல ஏறிப் போயிட்டேன். இந்தத் தடவை திரும்பிப் பாத்துட்டேன். இதுக்கு நான் எவ்வளவு கும்பிட்டாலும் தகும்."

அவர் எழுந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். நூறு பேர் கும்மாளமிடும் குளத்தையே ஒரே நொடியில் அமைதியாக்கும் ஊதல் அது. படிக்கட்டுக்குள் அதிர்ந்து இறங்கியது. கீழ்த்தளத்தில் ஒரு கதவு படாரென்று திறந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று செயலாளர் கத்தினார்.

"லிஃப்டைப் போடுங்க சார்! ஆஸ்பத்திரி!"

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சாவிக்கொத்து குலுங்கும் சத்தமும், செருப்பில்லாமல் ஓடும் சத்தமும் கேட்டன. உறுமிக்கொண்டு வந்த லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்று கதவைத் திறந்தது.

மூவரும் உள்ளே ஏறினார்கள்.

"டாக்டர் பாக்கட்டும். வைத்தியம் என்னவோ அது நடக்கட்டும்" என்றார் விசிலம்மா. "அவர் எப்போ சரின்னு சொல்றாரோ, அன்னிலேர்ந்து நீங்க படி, நான் லிஃப்ட். இதை எப்படி மெதுவாக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

மாப்பிள்ளை சிரிக்க முயன்றார். "நீங்க சொல்லாம வேகத்தை ஏத்திடுவீங்களே அத்தை."

"ஏத்துவேன். ஆனா சொல்லிட்டு ஏத்துவேன்."

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. வெறுங்காலோடு செயலாளர் வண்டி பிடிக்க வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். மகள் கணவனின் மணிக்கட்டிலிருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை. அவள் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்தன.